தாங்கும் எடை

என் மாமியாருக்குக் கண் நன்றாகத் தெரியும் சார். போன வருடம் மதுரையில் புரை எடுத்தோம். அதன் பிறகு ஊசியில் நூல் கோக்க அவர் யாரையும் கூப்பிடுவதில்லை. நெத்திலிக் கருவாட்டில் மணல் ஒட்டியிருந்தால் தட்டைத் தொடாமலே சொல்லிவிடுவார். அதனால், கண் மங்கிப்போய் இரண்டு விதமான மாத்திரைகளை ஒரே பாட்டிலில் கலந்து வைத்துவிட்டேன் என்று அவர் உங்களிடம் எழுதிக் கொடுத்திருப்பது சரியில்லை. அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்திருக்கும் என்று நம்பிவிட்டார்.

நீங்கள் என்னைக் கூப்பிட்டது இதைக் கேட்கத்தான். பதில் சொல்லியாயிற்று, எழுந்து போகலாம். ஆனால் போனால் காரணம் தவறான இடத்தில் எழுதப்படும். நான் செய்த வேலையில் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒரு கயிறு அறுந்தால் எந்த இடத்தில், எதனால் அறுந்தது என்று தெரியாமல் அடுத்த வேலையைத் தொடக்கூடாது.

போலீஸ் நிலையத்தில் சொல்வது கோர்ட்டில் செல்லாது என்று தெரியும். நீதிபதி முன்னால் கொண்டுபோனால் அங்கேயும் இதையே சொல்வேன்.

என் பெயர் அம்மார். ஊர் பெரியபட்டினம். மெக்கானிக்கல் படித்தேன். கத்தாரில் கிரேன் கயிறுகளையும் கொக்கிகளையும் சோதிக்கும் வேலையில் இருந்தேன். ஒரு டன் தூக்க வேண்டிய கயிற்றில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக எடை ஏற்றிப் பார்ப்போம். தாங்கினால் சான்றிதழ். நல்ல கயிறும் உள்ளே இற்றுப்போன கயிறும் வெளிப்பார்வைக்கு ஒன்றுதான். கயிறு வாய் திறந்து சொல்லாது. எடை ஏற்றினால்தான் சொல்லும்.

கல்யாணத்துக்குப் பிறகு கத்தார் போகவில்லை. பாம்பன் பக்கம் ஒரு படகுப் பட்டறையில் சேர்ந்தேன். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் இடம். படகை இழுக்கும் வின்ச் என் பொறுப்பு. இழுவைக் கம்பிக்கும் படகுக்கும் நடுவில் ஒரு பழைய நைலான் கயிற்றை வளையமாகக் கட்டச் சொல்வேன். பாரம் மிஞ்சினால் அந்தக் கயிறு முதலில் அறும். கம்பி அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி ஆளை வெட்டிவிடும். அங்கே மேஸ்திரியாக இருந்த பால்சாமி அண்ணனுக்கு இது பிடிக்காது.

"இஞ்சினியர் தம்பி புதுக் கம்பிய வாங்கிட்டு வந்து, அதுக்கு நடுவுல கோமணத்தக் கட்டுறாரு பாருங்கடா" என்பார்.

"அறுந்தா கோமணம் அறுந்து போகட்டும்ணே. நீங்க இருங்க" என்பேன்.

"நான் இருந்து என்னத்தக் கிழிக்க. எம் பொண்டாட்டியக் கேட்டுப்பாரு, அவ கம்பிதான் அறுந்து போகணும்பா."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பாரம் மிஞ்சும்போது ஏதாவது ஒன்று அறுந்தே தீரும், எது முதலில் அறவேண்டும் என்பதை முன்கூட்டியே நாம் முடிவு செய்யலாம் என்று நான் உண்மையாகவே நம்பினேன். வீட்டிலும் அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

எங்கள் குடும்பங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பது. வீடு பெண் பேரில் இருக்கும். மாடியில் எனக்கும் என் மனைவி ஜுமானாவுக்கும் ஓர் அறை. கீழே மாமி தாஜுன்னிசா, ஜுமானாவின் அண்ணன் சஃபீர், தங்கை சுஹா. மாமனார் முன்பே மவுத்தாகிவிட்டார். மரியாதைக்குக் குறைவில்லை. கறியில் நல்ல துண்டு என் தட்டுக்குத்தான் வரும். நான் படியிறங்கினால் சுஹா டிவி சத்தத்தைக் குறைப்பாள். ஆனால் அடுப்படி அலமாரியில் எது எங்கே இருக்கிறது என்று மாப்பிள்ளை கேட்பதில்லை. கேட்காமல் இருக்கும்வரைதான் அந்த மரியாதை. எத்தனை வருடமானாலும் விருந்தாளி விருந்தாளிதான்.

ஜுமானா கைக்கு இறுகிய மூடி திறக்காது. மாசிக் கருவாட்டுத் தூள் பாட்டிலை எடுத்துக்கொண்டு மாடிக்கு வருவாள்.

"மச்சான், இதக் கொஞ்சம் திருகித் தாங்களேன்."

திறந்து கொடுப்பேன்.

"முக்காவாசி நான் திருகிட்டுத்தான் கொண்டாந்தேன். நீங்க சும்மா கடைசிக் கால்வாசிதான்."

"அப்ப அந்தக் கால்வாசியையும் நீயே திருகிருக்கலாமே."

"நீங்க சும்மாதானே இருக்கீங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. மூடி திறக்கும்வரை அசையவே அசையாது. எத்தனை பேர் திருகியிருந்தாலும் கடைசியாகக் கை வைத்தவன்தான் திறந்தவன். இப்போது இந்த அறையில் உட்கார்ந்து யோசிக்கும்போது, அவள் சொன்ன அந்தக் கணக்கு எனக்கு ஆறுதலாகக்கூட இருக்கிறது.

ஒரு நாள் மாமி கீழக்கரையில் ஒரு மவுத்து வீட்டுக்குப் போயிருந்தார். ஜுமானா குளித்துக்கொண்டிருந்தாள். நானே அடுப்படிக்குப் போய் மாசி பாட்டிலைத் தேடினேன். மேல்தட்டில் அதே மாதிரி இன்னொரு பாட்டில் பின்னால் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. மூடி மிகவும் இறுக்கம். திறந்தேன். உள்ளே வெள்ளை மாத்திரைகள். அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் போடப்பட்டவை. பெயர் இல்லை, எதுவும் இல்லை.

ஜுமானா ஈரத் தலையோடு வந்து நின்றாள்.

"அது உம்மாவோட சத்து மாத்திர."

"அட்ட எங்க?"

"அட்டையில இருந்தா உம்மாவுக்குப் பிரிக்க வராது."

அன்று காலைதான் மாமி எனக்கு இறாலை ஒவ்வொன்றாகத் தோலுரித்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்த விரல்களுக்கு அட்டை பிரிக்க வராது என்பது நிற்காத பதில். அவளுக்கும் அது தெரிந்தது. பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி மூடினாள். நன்றாகத்தான் இறுக்கினாள்.

அதற்குள் ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டிருந்தேன். ராமநாதபுரத்தில் ஒரு மருந்துக்கடையில் காட்டினேன். கடைக்காரர் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாருக்கு சார் ஃபிட்ஸ்?" என்றார்.

அன்றே கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்திருக்கும். ஆனால் அது நான் பிடுங்கிய பதிலாக இருக்கும். அவளாகச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். நோய் எனக்குப் பிரச்சினை இல்லை சார். கல்யாணத்துக்கு முன் சொல்லியிருந்தாலும் சம்மதித்திருப்பேன். இதை நீங்கள் நம்பவேண்டும். என்னிடம் மட்டும் சொல்லாமல் அந்த வீடே ஒன்றுகூடி இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சாப்பாட்டுக்குப் பின் மாமி ஜுமானாவை அடுப்படிக்குக் கூப்பிடுவார். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள். அதுவரை அதைத் தாய்க்கும் மகளுக்கும் உள்ள பிரியம் என்று நினைத்திருந்தேன்.

அவளுக்குச் சந்தர்ப்பம் கொடுத்தேன். கத்தாரில் என்னோடு இருந்த ஒரு நேபாளிக்கு வேலை நேரத்தில் வலிப்பு வந்த கதையைச் சொன்னேன். நாங்கள் அவனை ஒதுக்கவில்லை, கீழ்த்தளத்தில் வேலை மாற்றிக் கொடுத்தோம் என்றும் சொன்னேன். "பாவம்" என்றாள். காய்ந்த துணியை மடிக்க எழுந்துவிட்டாள்.

பிறகு மதுரையில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். தம்பிக்கு என்று சொன்னேன். நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார்.

"வலிப்புங்கறது சாபமெல்லாம் இல்ல தம்பி. எல்லார் மூளைக்கும் ஒரு வரம்பு இருக்கு. எனக்கும் இருக்கு, உங்களுக்கும் இருக்கு. சில பேருக்கு அது கொஞ்சம் தாழ்வா இருக்கும். மாத்திர அத ஒசத்திப் புடிச்சுக்கிரும். மாத்திர விட்டாலோ, தூக்கம் கெட்டாலோ, காய்ச்சல் கண்டாலோ எறங்கிரும்."

"எவ்வளவு இறங்கும்?"

"அத யாரு தம்பி அளந்து பாக்குறா?" என்று சிரித்தார். "திடீர்னு மட்டும் நிறுத்திரக் கூடாது. அது ஆபத்து."

நான் திடீரென்று நிறுத்தவில்லை. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதே அளவில், அதே வெள்ளையில் சுண்ணாம்புச் சத்து மாத்திரை கிடைக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். மாமி தொழுகைக்குப் போகும் நேரம் போதும். பாட்டிலில் அவர் கைவிட்டு எடுக்கும்போது சில நாள் அது வரும், சில நாள் இது வரும். போகப் போக இது அதிகம் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றின் நடுவில் மெல்லிய கோடு தெரியும். பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் காரணம் இல்லை. என் கண்ணில் படக்கூடாது என்றுதான் மாமி அட்டைகளைப் பிரித்து எரித்தார். அட்டை இருந்திருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. நான் குற்றம் சாட்டவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

என் எண்ணம் இவ்வளவுதான். ஒரு நாள் என் முன்னால் அவளுக்கு வரும். பகலில், வீட்டில், பாய்மேல். நான் தலையைத் தாங்கிப் பிடிப்பேன். நினைவு திரும்பியதும் அவளே சொல்வாள். மாமி அழுதுகொண்டே சொல்வார். அந்த வீட்டில் அறவேண்டியது ரகசியம். அது இற்றுப்போன கயிறு, அதுதான் முதலில் அறும் என்று கணக்குப் போட்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. வாரங்கள் போயின. அவள் சமைத்தாள், துவைத்தாள், சுஹாவோடு சண்டை போட்டாள். வரம்பு என்பது அப்படித்தான். அதற்கு இந்தப் பக்கம் இருக்கும்வரை கொஞ்சம்கூடத் தெரியாது. பட்டறையில் மணலில் புதைந்த படகு வின்ச் முழு பாரத்தில் இழுத்தாலும் நகராது. கம்பி மட்டும் பாடும். பார்க்கிறவனுக்கு எதுவுமே நடக்காதது போல இருக்கும்.

அதனால் தூக்கத்தையும் குறைத்தேன். அடிக்கவில்லை, எழுப்பவில்லை. பேசினேன். படுத்த பிறகு அவளோடு பேச ஆரம்பித்தேன். கத்தார், கல்லூரி, என் வாப்பா என்று எதையாவது. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அவளுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. அவளும் பேசினாள். சின்ன வயதில் சஃபீர் காக்கா தன்னை ஆட்டின்மேல் உட்காரவைத்துத் தெரு முழுக்கக் கொண்டுபோனது, அரபி வகுப்பில் பக்கத்துப் பெண்ணின் பின்னலைக் கட்டிவைத்தது. சிரிப்பை அடக்கத் தலையணையைக் கடித்துக்கொள்வாள். பல நாள் விடியலில் சுபுஹு பாங்கு சொல்லும்வரை பேசியிருக்கிறோம். "மச்சான் இப்பத்தான்டி எங்கூட வாழவே ஆரம்பிச்சிருக்காரு" என்று சுஹாவிடம் சொன்னாளாம். சுஹா இதை மவுத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள்.

எல்லாக் கதையும் சொன்னாள். அதை மட்டும் சொல்லவில்லை.

அரியமான் கடற்கரைக்குப் போகலாம் என்று சொன்னது அவள்தான். நான் இல்லை. கடலோரத்தில் பிறந்தவள், கடலில் கால் நனைத்ததில்லை. மாமி விட்டதில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் இருந்தது. மாமியும் சுஹாவும் சவுக்கு நிழலில் பாய் விரித்தார்கள். ஜுமானா செருப்பைக் கழற்றினாள்.

"மச்சான் கையப் புடிச்சுக்கிட்டுப் போறேன் உம்மா. முழங்கால் தண்ணிதானே."

மாமி என்னைப் பார்த்தார். காரணம் சொல்ல அவருக்கு அது நல்ல சமயம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"வேணாம்டி. காத்து அடிக்குது" என்றார்.

"ஆமா, அடிக்கிற காத்துல ஒம்மவ இலங்கைக்குப் பறந்துருவா" என்று சஃபீர் சிரித்தான். "போயிட்டு வரட்டும் உம்மா. மாப்பிள்ள கூட இருக்காருல்ல." அவன் அன்னாசிப் பழம் வாங்கக் கடைப் பக்கம் போனான்.

அங்கே அலை கிடையாது. குளம் மாதிரி இருக்கும். அவள் என் விரல்களைப் பிடித்துக்கொண்டு வந்தாள். புர்கா நனைகிறது என்று தூக்கிப் பிடித்தாள். காலுக்குக் கீழே மணல் கரைகிறது, கூசுகிறது என்றாள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. வலது பக்கம் எதையோ பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. உதடு எதையோ சப்புவதுபோல அசைந்தது. என் கையில் அவள் விரல்கள் இறுகின. எனக்குத் தெரிந்துவிட்டது. நான் இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தான்.

இப்போது நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவள் விழவில்லை, நான் கையை விட்டேன். என் கையில் பலம் இருந்தது. பிடித்திருக்கலாம். அவள் முகம் தண்ணீருக்குள் போனது. முழங்கால் தண்ணீர். ஒரு குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கியிருக்கலாம். நான் கரையைத் திரும்பிப் பார்த்தேன். மாமி எழுந்துவிட்டார். அவர் கத்துவார், ஊர் முன்னால் அந்த வார்த்தையைச் சொல்வார், சொன்னதும் தூக்கலாம் என்று நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். ஒரு அறுபது வயதுப் பெண் மணலில் ஓடி வந்து சேரும் நேரம்.

ஓடி வந்தார். சேலையோடு தண்ணீரில் விழுந்து மகளைப் புரட்டினார். "மயக்கம்! வெறும் வயித்தோட வந்தா, மயக்கம் போட்டுட்டா" என்று என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அப்போதும் அதைத்தான் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், இவருக்கு வலிப்பு உண்டா என்று கேட்டார். மாமி மறுபடி என்னைப் பார்த்தார்.

"இல்ல டாக்டர்" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அது என் வேலை இல்லை என்று தோன்றியது. எப்படியும் அதற்குள் முடிந்துவிட்டிருந்தது.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த மறுநாள் மாமி மாடிக்கு வந்தார். மாப்பிள்ளை அறைக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. கட்டிலில் உட்காரவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒங்ககிட்ட ஒண்ண மறைச்சுட்டோம் மாப்பிள்ள. ஆறாப்பு படிக்கையில அவளுக்கு வந்துச்சு. மாத்திர தின்னா வராது. நாலு வீட்டுல வேணாம்னு போயிட்டாங்க. நீங்களும் போயிருவீங்களோன்னு பயம். அவ சொல்லிருவோம் உம்மா, சொல்லிருவோம்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தா. நாந்தான் வாயில அடிச்சு வச்சேன். அரியமான் போறதுக்கு மொத நாளுகூட, இப்ப மச்சான் நல்லாப் பேசுறாரு, நானே சொல்லப்போறேன்னா. நாந்தான் ஆணையிட்டுத் தடுத்தேன். என்னைய மன்னிச்சிருங்க."

நான் எதிர்பார்த்த வார்த்தைகள் எல்லாம் வந்தன, வரிசை மாறாமல். இறுகிய மூடி ஒன்று திறந்தது. உள்ளே வாசனைகூட இல்லை.

சுஹாவை எனக்கே கட்டிக் கொடுப்பதாகவும் சொன்னார். எங்கள் பக்கம் அப்படிச் செய்வதுண்டு. "அவளுக்கு அப்படி ஒண்ணும் இல்ல. அல்லாஹ் மேல ஆணையா இல்ல" என்றார். சரி என்றேன். நம்பினேன். ஆனால் முன்பும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதே என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாட்டிலை நான் எடுத்து எறியவில்லை. ஏன் என்று தெரியவில்லை. போன வாரம் அடுப்படியைக் காலி செய்யும்போது சஃபீர் அதைத் திறந்து தட்டில் கொட்டியிருக்கிறான். கோடு உள்ளது, கோடு இல்லாதது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். அவன் உங்களிடம் வந்தான். மாமி தன் கண்ணைக் குற்றம் சொல்லிவிட்டார். அவருக்கு அது வசதியாகக்கூட இருக்கலாம், தண்டனை கிடைக்குமே.

அவர் வெளியே பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். யாரும் தண்ணீர் கொடுத்ததாகத் தெரியவில்லை. அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் சார். அவர் செய்தது சாதாரணத் தப்பு இல்லை. பெற்ற பெண்ணின் உயிரைவிட ஒரு வார்த்தையைப் பெரிதாக வைத்துக்கொண்டார். கண்ணெதிரே அவள் போகும்போதும் அதை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் பெரியவர். நான் அவரை அன்றே மன்னித்துவிட்டேன்.